அணி சமைத்த பொறியாளர் கான் ஸ்மைத்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

வெற்றி பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண் கோப்பையின் மீதே படிகிறது. அதைத் தூக்கிய கைகளின் மீதும் ஒருவாறு படிகிறது. ஆனால் அந்தக் கைகளை ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று பொருத்தி, பொருந்தாதவற்றை விலக்கி, ஓர் அணியாக நிறுத்திய மனிதரை நாம் அறிய முற்படுவதில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் எவரும் கடைக்காலைப் பற்றிக் கேட்பதில்லை அன்றோ?

அத்தகைய கடைக்கால் போட்ட ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் கான் ஸ்மைத். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிறந்து, 1980 நவம்பரில் அதே நகரில் மறைந்தவர். ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். படிப்பால் பொறியாளர்; தொழிலால் மணலும் சரளைக்கல்லும் விற்ற வணிகர்; இருமுறை போர்முனை கண்ட படைவீரர். ஆயினும் பனிக்கட்டி ஹாக்கி வரலாற்றில், விழுந்து கிடந்த அணியை எழுப்பி நிறுத்தும் கலைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்று கூறினால் அது மிகையாகாது.

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புல்தரையும் தியான் சந்தும்தான். கனடாவில் ஹாக்கி என்றால் அது பனிக்கட்டித் தளத்தின் மீது சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுவது. பந்துக்கு மாறாக ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு அறுவர்: இலக்குக் காவலர் ஒருவர், தடுப்பாளர் இருவர், தாக்குவோர் மூவர். ஆட்டத்தின் வேகம் மிகுதியாதலால் தாக்கும் மூவரை வரிசை வரிசையாக மாற்றி மாற்றி இறக்குவர். ஆகவே ஆறு பேர் மட்டும் சிறந்தவர்களாக இருந்தால் போதாது. வெளியில் அமர்ந்திருப்போரும் தேர்ந்தவர்களாக இருத்தல் வேண்டும். அணியமைப்பு என்பது இவ்விளையாட்டில் உயிர்நாடியாவது இதனால்தான். 1917-இல் தோன்றிய நேஷனல் ஹாக்கி லீக் என்னும் தொழில்முறைப் போட்டியில் உள்ள அணிகள் ஆண்டுதோறும் ஸ்டான்லி கோப்பைக்காக மோதுகின்றன.

தோற்றுப்போன ஒரு கூட்டத்தை எவ்வாறு மீட்பது என்ற கேள்விக்கு ஸ்மைத்தின் வாழ்வில் தெளிவான விடை இருக்கிறது. அவ்விடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியும் அதே வாழ்வில் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இளமையும் கல்வியும்

ஸ்மைத்தின் தந்தையார் ஆல்பர்ட் ஸ்மைத் அயர்லாந்திலிருந்து குடியேறிய பத்திரிகையாளர். நம் சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் கனடாப் பிரிவுக்குப் பொதுச் செயலாளராகப் பணியாற்றியவர். செல்வம் நிறைந்த குடும்பம் அன்று. பதினோராம் வயதில் ஸ்மைத் தாயை இழந்தார். உருவத்தில் சிறியவர், பிடிவாதத்தில் பெரியவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குச் செல்லாமல், வடக்கே காட்டுநிலம் பெற்றுப் பயிர்செய்யப் புறப்பட்டார். அங்கே கட்டிய குடில் தீக்கிரையானது. திரும்பி வந்து டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவரானார்.

அங்கே இளையோர் ஹாக்கி அணிக்குத் தலைவரானார். 1915-இல் அந்த அணி மாநில அளவிலான இளையோர் பட்டத்தை வென்றது. இறுதியில் தோற்ற அணியின் பயிற்சியாளர் பிராங்க் செல்கி என்னும் இளைஞர். இந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஸ்மைத்தின் கதையில் வலக்கையாகவும், பின்னர் எதிர்க்கையாகவும் அவர் வரப்போகிறார்.

அதே ஆண்டு முதல் உலகப்போருக்காகப் படையில் சேர்ந்தார் ஸ்மைத். பீரங்கிப் படையில் வீரப்பதக்கம் பெற்றார். பின்னர் விமானப்படைக்கு மாறினார். 1917 அக்டோபரில் அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை ஜெர்மானியரின் சிறையில் இருந்தார். ஊர் திரும்பிய பின்னரே விட்ட படிப்பைத் தொடர்ந்து 1920-இல் பட்டம் பெற்றார். மணல், சரளை வணிகத்தைத் தொடங்கினார். மாலை வேளைகளில் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி அளித்தார்.

முதல் அணியும் முதல் வெளியேற்றமும்

1926-இல் நியூயார்க் நகரில் ரேஞ்சர்ஸ் என்ற புதிய தொழில்முறை அணி உருவாயிற்று. அதற்கு ஆட்களைத் திரட்டும் பொறுப்பு ஸ்மைத்துக்கு வந்தது. கையில் ஓர் ஆட்டக்காரர்கூட இல்லை. ஆனால் அந்த ஆண்டில்தான் கனடாவின் மேற்குப் பகுதியில் நடந்துவந்த தொழில்முறைப் போட்டி கலைந்திருந்தது. அங்கிருந்து பில் குக், பன் குக் என்னும் சகோதரர்களைக் கொணர்ந்தார். அவர்களுக்கு நடுவே பிராங்க் பூஷே என்பவரை நிறுத்தினார். தடுப்புக்குச் சிங் ஜான்சன், டாஃபி ஏபல் ஆகிய இரு பருத்த உடலினர். இலக்குக் காவலுக்கு லார்ன் ஷபோ. அந்த ஷபோ யார் தெரியுமா? அதே ஆண்டில் அமெச்சூர் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஸ்மைத்தின் பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்த அணியின் காவலர். தம்மை வென்றவனிடம் பகை கொள்ளாமல் அவனையே தம் அணிக்கு அழைத்துக்கொள்வது என்பது ஸ்மைத்தின் முதல் பாடம்.

அணி தயாரானது. ஆனால் முதல் ஆட்டம் தொடங்கும் முன்னரே ஸ்மைத் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது புகழின் உச்சியிலிருந்த பேப் டை என்னும் ஆட்டக்காரரை வாங்க அவர் மறுத்தது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பெயர் பெற்ற ஒருவனைவிடப் பொருந்தும் ஒருவன் மேல் என்பது அவர் கருத்து. முதலாளிகளுக்கோ பெயர் தேவைப்பட்டது. அவர் தெரிந்தெடுத்த அதே அணி, தன் இரண்டாம் ஆண்டிலேயே, 1928-இல், ஸ்டான்லி கோப்பையை வென்றது. வென்றபோது அவர் அங்கு இல்லை.

மேப்பிள் இலை

அக்காலத்தில் டொராண்டோ நகரின் அணிக்குச் செயின்ட் பாட்ரிக்ஸ் என்று பெயர். பட்டியலின் அடியில் கிடந்தது. உரிமையாளர்கள் அதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தாருக்கு 2,00,000 டாலருக்கு விற்க முனைந்தனர். ஸ்மைத் சில செல்வர்களைத் திரட்டி, குறைந்த விலையான 1,60,000 டாலருக்குக் கேட்டார். ஊரின் அணி ஊரைவிட்டுப் போகலாகாது என்ற வாதமே அவருடைய மூலதனம். அது பலித்தது.

1927 பிப்ரவரியில் அணியின் பெயர் மேப்பிள் லீஃப்ஸ் என மாறியது. போரில் கனடா வீரர்கள் அணிந்த சின்னம் மேப்பிள் இலை. பச்சை நிற உடை நீலமும் வெள்ளையும் ஆனது. பெயரும் நிறமும் மாறினால் அணி மாறிவிடுமா? மாறாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை அந்த அணி இறுதிச் சுற்றுகளுக்கான தகுதியையே பெறவில்லை. ஆனால் அதற்குள் அடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது.

நாற்றங்கால்

நெல் விளைவிக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளைந்த நெல்லைச் சந்தையில் வாங்கிக்கொண்டே காலம் தள்ள முடியாது. நாற்றங்கால் வேண்டும். டொராண்டோவில் மார்ல்பரோஸ் என்ற இளையோர் அணி இருந்தது. அதை வளர்த்தவர் முன்னே நான் குறிப்பிட்ட பிராங்க் செல்கி. மின்பணியாளராக வாழ்வைத் தொடங்கியவர், மெல்லிய குரலினர். ஸ்மைத் அவரைத் தம் உதவியாளராக்கிக்கொண்டார். அந்த நாற்றங்காலிலிருந்து சார்லி கோனாகர், பஷர் ஜாக்சன், ரெட் ஹார்னர் ஆகியோர் மேலே வந்தனர்.

1929 டிசம்பரில் ஜோ பிரிமோ என்ற 23 வயது இளைஞரை நடுவில் நிறுத்தி, இருபுறமும் கோனாகரையும் ஜாக்சனையும் நிறுத்தினர். கோனாகருக்கு வயது 20, ஜாக்சனுக்கு 18. சிறுவர் வரிசை என்றே அம்மூவருக்கும் பெயர் நிலைத்துவிட்டது. பிரிமோ பொறுமையாக வட்டைக் கடத்துவார். ஜாக்சன் வேகமாகப் பாய்வார். கோனாகர் வலிமையாக அடிப்பார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. மூன்று கோனாகர்கள் இருந்திருந்தால் அந்த வரிசை அமைந்திருக்காது.

இளைஞர்கள் வந்துவிட்டனர். அவர்களுக்கு ஊக்கமூட்ட அனுபவம் மிக்க ஒருவர் தேவைப்பட்டார். ஒட்டாவா அணியிலிருந்த கிங் கிளான்சி அத்தகையவர். அந்த அணி பணமுடையில் இருந்தது. 1930-இல் 35,000 டாலர் ரொக்கமும் இரண்டு ஆட்டக்காரர்களையும் கொடுத்துக் கிளான்சியைப் பெற்றார் ஸ்மைத். ஒரே ஆட்டக்காரருக்கு இவ்வளவா என்று அன்று பலரும் திகைத்தனர். அந்தப் பணத்தின் ஒரு பகுதி, அவர் வைத்திருந்த ரேர் ஜூவல் என்ற பெண்குதிரை எவரும் எதிர்பாராமல் பந்தயத்தில் வென்றதால் வந்தது. சூதாட்டம் நாம் போற்றத்தக்க குணம் அன்று. ஆனால் கிடைத்த பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அணியில் போட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூலியும் பங்கும்

பழைய அரங்கில் ஏறத்தாழ 8,000 பேரே அமர முடியும். அந்த வருவாயில் பெரிய அணியைத் தாங்க இயலாது. எனவே புதிய அரங்கம் கட்டத் துணிந்தார் ஸ்மைத். ஆண்டு 1931. உலகப் பொருளாதார மந்தத்தால் ஆலைகள் மூடிக் கிடந்த காலம். வங்கிகள் கைவிரித்தன. பணம் குறைந்தபோது செல்கி தொழிற்சங்கங்களிடம் சென்றார். கட்டடத் தொழிலாளர்கள் தம் கூலியில் ஐந்தில் ஒரு பங்கை அரங்கத்தின் பங்குப் பத்திரமாகப் பெற்றுக்கொள்ள இசைந்தனர். ஜூன் முதல் நாள் வேலை தொடங்கி நவம்பர் 12-ஆம் நாள் அரங்கம் திறக்கப்பட்டது. ஐந்தரைத் திங்களில் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில் எழுந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ், 1999 வரை அந்த அணியின் இல்லமாக விளங்கியது.

என் தந்தையார் கொத்தனார், தாயார் சித்தாள். விடுமுறையில் இந்தச் செய்தியை வீட்டில் சொன்னேன். கூலியில் ஒரு பங்கைக் காகிதமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே பதில் கூறவில்லை. அந்தக் காகிதத்தை மளிகைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எத்தனையோ நூல்களில் இந்த அரங்கம் எழுந்த விந்தையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் கேள்வியை அவற்றுள் எதிலும் நான் காணவில்லை. அந்தப் பங்குகளின் விலை பின்னாளில் பன்மடங்கு உயர்ந்தது என்பது உண்மை. ஆனால் வாரக்கூலியில் வாழ்பவன் அந்தப் பின்னாள்வரை காத்திருக்க வேண்டுமே!

புதிய அரங்கில் தொடக்க ஆட்டத்தில் சிகாகோ அணியிடம் டொராண்டோ தோற்றது. ஸ்மைத் தயங்கவில்லை. அந்தத் திங்களே பயிற்சியாளரை மாற்றி, டிக் இர்வின் என்பவரை அமர்த்தினார். 1932 வசந்தத்தில் அணி இறுதிக்கு வந்தது. எதிரில் நின்றது எது? ஸ்மைத் திரட்டி, ஸ்மைத்தையே வெளியேற்றிய அதே நியூயார்க் ரேஞ்சர்ஸ். மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் ஆறு கோல்கள் அடித்துக் கோப்பையைக் கைப்பற்றியது டொராண்டோ. காலம் சில சமயங்களில் கணக்கை இவ்வளவு ஒழுங்காகத் தீர்க்கிறது.

வெற்றிக்குப்பின் வந்த வறட்சி

நண்பர்களே, பெரியோர் வரலாறு எழுதுவோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவதுண்டு. உண்மை அப்படி நிற்பதில்லை. 1933 முதல் 1940 வரை எட்டு ஆண்டுகளில் ஆறு முறை டொராண்டோ இறுதிப் போட்டிக்கு வந்து, ஆறு முறையும் தோற்றது. வாயில்வரை வந்து திரும்புவது எவ்வளவு கொடியது! 1940-இல் இர்வின் மாண்ட்ரியல் அணிக்குச் சென்றார். அவர் இடத்துக்கு, முன்பு அணித்தலைவராக இருந்த ஹேப் டே வந்தார்.

1942 இறுதியில் டெட்ராய்ட் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் டொராண்டோ இழந்தது. நான்கு வென்றால் கோப்பை. இன்னும் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. ஹேப் டே அணியின் முன்னணிக் கோலடிப்பவரான கார்டி டிரில்லனை உட்கார வைத்துவிட்டு, அதிகம் ஆடாத டான் மெட்ஸ் என்பவரை இறக்கினார். அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்று கோப்பையைக் கொண்டுவந்தது அணி. பதினாறு ஆண்டுகளுக்கு முன் பெயரைவிடப் பொருத்தம் பெரிது என்று ஸ்மைத் சொல்லி வேலை இழந்தார் அல்லவா? அந்தக் கருத்து அவர் வளர்த்த பயிற்சியாளர் வழியாகக் கோப்பையாகத் திரும்பி வந்தது.

மீண்டும் போர், ஒரு பிளவு

அப்போது ஸ்மைத் மீண்டும் படையில் இருந்தார். நாற்பத்தாறு வயதில், விளையாட்டு வீரர்களைக் கொண்டே விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றை அமைத்தார். 1944 ஜூலையில் பிரான்சு நாட்டின் நார்மண்டி முனையில் குண்டுச் சிதறல் அவர் முதுகெலும்பைத் தாக்கியது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே நடந்தார். படுக்கையிலிருந்தபடியே, போதிய பயிற்சியற்ற வீரர்களைக் களத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கனடா அரசைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அது நாட்டையே உலுக்கியது.

அவர் கடல்கடந்து இருந்தபோது அணியைக் காத்தவர் செல்கி. 1943-இல் செல்கி, ஸ்மைத்தைக் கேளாமலே, பிராங்க் எடல்ஸ் என்ற தடுப்பாளரை மாண்ட்ரியலுக்குக் கொடுத்து, டெட் கென்னடி என்ற பதினேழு வயதுச் சிறுவனின் உரிமையை வாங்கினார். செய்தி அறிந்த ஸ்மைத் கொதித்தெழுந்தார். தம்மைக் கேட்காதது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்தக் கென்னடிதான் டொராண்டோவின் ஐந்து கோப்பை வெற்றிகளில் பங்குகொண்டு, அணித்தலைவராகி, அந்நகரம் என்றும் மறவாத வீரரானார். முடிவு சரியாக இருந்தும் மனம் ஒட்டவில்லை. 1946-இல் செல்கி விலகி, மாண்ட்ரியல் அணியின் மேலாளராகச் சென்றுவிட்டார்.

இடித்துக் கட்டியது

1945-இல் கோப்பை வென்ற டொராண்டோ, அடுத்த ஆண்டு ஆறு அணிகளில் ஐந்தாவதாக வீழ்ந்தது. போரிலிருந்து எல்லா அணிகளுக்கும் நல்ல ஆட்டக்காரர்கள் திரும்பிவிட்டனர். டொராண்டோவின் மூத்தவர்களுக்கோ கால் தளர்ந்துவிட்டது. பழைய சுவருக்குப் பூச்சு பூசுவதா, இடித்துக் கட்டுவதா? ஸ்மைத் இடித்தார். ஸ்வீனி ஷ்ரைனர், லார்ன் கார், பாப் டேவிட்சன் முதலிய மூத்தவர்கள் விடைபெற்றனர். பேப் பிராட் பாஸ்டனுக்குச் சென்றார்.

ஆனால் எல்லாவற்றையும் இடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று தூண்களை விட்டுவைத்தார். இலக்கில் டர்க் பிரோடா. நடுவில் அணித்தலைவர் சில் ஆப்ஸ். அவருக்குத் துணையாக இருபத்தோரு வயது டெட் கென்னடி. இந்தத் தூண்களைச் சுற்றிப் புதியவர்களை நிறுத்தினார். ஹோவி மீக்கர் வந்தார். போர்ப்பயிற்சியில் கையெறி குண்டு வெடித்துக் காயமுற்று மீண்டவர் அவர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகப் பரிசு அவருக்கே கிடைத்தது. தடுப்பு வரிசையில் கஸ் மார்ட்சன், ஜிம்மி தாம்சன், கார்த் போஷ், இடையில் வந்து சேர்ந்த பத்தொன்பது வயது பில் பாரில்கோ என எல்லாரும் புதியவர்கள். அனுபவமற்ற தடுப்பாளர்களை நம்பி எவர் களமிறங்குவார்? ஸ்மைத் இறங்கினார். காரணம் உண்டு. தாக்குவோர் தவறினால் கோல் கிடைக்காது; அவ்வளவே. தடுப்போர் தவறினால் அணி வீழும். எனவே அவர்களுக்குப் பின்னால் தேர்ந்த காவலர் பிரோடாவையும், மேலே தடுப்பாட்டத்தில் கைதேர்ந்த பயிற்சியாளர் டேயையும் வைத்துவிட்டே இந்தத் துணிவை மேற்கொண்டார்.

1947 இறுதியில் எதிரில் நின்றது மாண்ட்ரியல். மேலாளர் செல்கி, பயிற்சியாளர் இர்வின். இருவரும் ஸ்மைத்தின் பழைய துணைவர்கள். முதல் ஆட்டத்தில் ஆறு கோல்கள் வாங்கி ஒன்றும் அடிக்காமல் தோற்றது இளைய அணி. பின்னர் எழுந்து நான்கு ஆட்டங்களை வென்றது. கோப்பையை முடிவுசெய்த கோலை அடித்தவர் டெட் கென்னடி. ஸ்மைத்தைக் கேளாமல் செல்கி வாங்கிய அதே சிறுவன், செல்கியின் அணியைத் தோற்கடித்தான்!

ஐவருக்கு ஒருவர்

வென்றவர் பொதுவாக அணியைத் தொடமாட்டார். ஸ்மைத் தொட்டார். ஆப்ஸ் விரைவில் ஓய்வு பெறுவார் என்பது அவருக்குத் தெரியும். 1947 நவம்பரில் சிகாகோவிடமிருந்து மேக்ஸ் பென்ட்லியையும் இன்னொருவரையும் வாங்க, ஐந்து ஆட்டக்காரர்களைக் கொடுத்தார். பென்ட்லி தொடர்ந்து இரு ஆண்டுகள் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். சிகாகோவில் அவரைச் சுற்றி ஆள் இல்லை. டொராண்டோவில் ஆள் மிகுதி. மிகுந்ததைக் கொடுத்து இல்லாததைப் பெறுவதே வாணிபம். இனி மூன்று தாக்கு வரிசைகளுக்கும் நடுவில் ஆப்ஸ், கென்னடி, பென்ட்லி. எதிரணி எந்த வரிசையைக் கண்டு மூச்சுவிடும்?

1948-இல் கோப்பை. ஆப்ஸ் ஓய்வு பெற்றார். 1949-இல் வழக்கமான பருவத்தில் வெற்றியைவிடத் தோல்விகள் மிகுந்து நான்காம் இடத்தில் வந்தும், இறுதியில் டெட்ராய்ட்டை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தி மீண்டும் கோப்பை. தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் நேஷனல் ஹாக்கி லீக் அணி அதுவே. ஆயினும் ஸ்மைத் யாரையும் சும்மா இருக்கவிடவில்லை. பிரோடா உடல் பருத்துவிட்டார் என்று, எடை 190 பவுண்டுக்கு இறங்கும்வரை அவரை ஆடவிடாமல் நிறுத்தினார். நகரமே அந்த எடையைச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தது. 1951-இல் மாண்ட்ரியலுக்கு எதிராக ஐந்து ஆட்டங்கள். ஐந்தும் கூடுதல் நேரத்தில் முடிந்தன. கடைசிக் கோல் பாரில்கோவுடையது. சில திங்களில் அவர் சென்ற சிறு விமானம் வடக்குக் காட்டில் விழுந்தது. பதினோர் ஆண்டுகள் கழித்தே சிதைவுகள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

நிலவின் களங்கம்

ஐந்து ஆண்டுகளில் நான்கு கோப்பை. இத்தகைய மனிதரைப் புகழ்ந்து முடித்துவிடலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. காரணம் ஜிம்மி தாம்சன்.

1947-இல் முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியபோது தாம்சனுக்கு வயது இருபது. இக்கட்டுரையை எழுதும் எனக்கும் அதே வயது. பத்தாண்டுகள் அந்த நீல உடைக்காகவே உழைத்தார். அக்கால ஆட்டக்காரர்களின் நிலை என்ன தெரியுமா? ஒருமுறை கையொப்பமிட்டால் அவர் அந்த அணியின் உடைமை. அணி விரும்பினால் விற்கலாம். அவர் விரும்பினால் விலக முடியாது. 1957-இல் டெட்ராய்ட்டின் டெட் லிண்ட்சே முன்னின்று ஆட்டக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். டொராண்டோவின் சார்பாளர் தாம்சன். ஸ்மைத் அதைத் துரோகமாகக் கருதினார். அந்த ஆண்டே தாம்சன் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். அந்தச் சங்கமும் அப்போது நிலைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு நிலையான சங்கம் அமைய 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. அரங்கம் கட்டும்போது தொழிற்சங்கத்தின் கை தேவைப்பட்டது. ஆட்டக்காரன் சங்கம் வைத்தபோது அது குற்றமாயிற்று. இதை எந்த அளவுகோலால் அளப்பது?

இன்னொன்றும் உண்டு. டொராண்டோவிலேயே பிறந்த ஹெர்ப் கார்னகி என்ற கறுப்பின ஆட்டக்காரர், திறமை பலர் அறிந்திருந்தும், லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆட அழைக்கப்படவில்லை. தம் நிறமே ஸ்மைத்தின் அணிக்குள் நுழையத் தடையாயிற்று என்று அவர் பின்னாளில் நூலெழுதி வருந்தியிருக்கிறார். 1958-இல்தான் பாஸ்டன் அணியில் வில்லி ஓரீ என்ற முதல் கறுப்பினத்தவர் லீக்கில் ஆடினார். கார்னகி மறைந்து பத்தாண்டுகள் கழிந்து, 2022-இல், ஹாக்கிப் புகழ் மண்டபம் அவரை ஏற்றது. ஊர் ஊராக அலைந்து ஆள் தேடியவரின் கண், தம் ஊரிலேயே இருந்தவரைத் தேரவில்லை.

அந்திக்காலம்

1961-இல் ஸ்மைத் தம் பங்குகளை மகன் ஸ்டாஃபோர்டிடம் விற்றார். மகனுடன் ஹெரால்ட் பல்லார்ட் முதலியோரும் கூட்டுச் சேர்ந்திருந்தனர். 1966-இல் வியத்நாம் போரை எதிர்த்துப் பேசிய முகமது அலியின் குத்துச்சண்டையை அந்த அரங்கில் நடத்த முடிவானபோது, ஸ்மைத் இயக்குநர் பதவியைத் துறந்தார். போரைப் பற்றிய அவர் கருத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பணத்தைவிடக் கொள்கையைப் பெரிதாக எண்ணினார் என்பதை மறுக்கவும் வேண்டியதில்லை. இறுதிவரை உடல் ஊனமுற்ற குழந்தைகளின் நலனுக்காகப் பொருளும் காலமும் செலவிட்டார். தாமே நலிந்த காலோடு நடந்தவர் அன்றோ!

மாண்ட்ரியல் சென்ற செல்கி அங்கே நாடெங்கும் நாற்றங்கால்கள் அமைத்து, 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்றார். ஸ்மைத்தின் முறையை ஸ்மைத்தைவிட விரிவாகச் செய்துகாட்டியவர் அவர். தம்மோடு மாறுபட்ட ஒரு நல்ல துணைவரை வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் டொராண்டோ இன்னும் எவ்வளவு வென்றிருக்கும்!

நாம் கொள்ளத்தக்கது

என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். பழக்கமில்லாதவர்களை நம்பி இடம் கொடுத்த ஒருவரை நாங்கள் எளிதில் விரும்பிவிடுவோம். ஸ்மைத்தை நான் விரும்புவதும் அதனால்தான். புதியவனை நம்பு, அவனுக்குப் பின்னால் ஒரு தூணை நிறுத்து, பெயரைப் பாராதே, பொருத்தத்தைப் பார், வென்ற நாளிலேயே நாளையை எண்ணு. இவை ஹாக்கிக்கு மட்டுமா உரியவை? வகுப்புக்கும், மன்றத்துக்கும், ஊருக்கும் உரியவையே.

ஆனால் இடம் கொடுத்தவர் குரல் கொடுக்க மறுத்தால் அந்த இடம் முழுமையானதன்று. இருபது வயதில் நம்பப்பட்ட தாம்சன், முப்பது வயதில் தன் நியாயத்தைக் கேட்டபோது வெளியேற்றப்பட்டார். நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம், அதிகாரியாவோம், ஆள்சேர்க்கும் இடத்தில் அமர்வோம். அப்போது ஸ்மைத்தின் கண் நமக்கு வேண்டும். தாம்சனின் நினைவும் வேண்டும்.

1965 முதல், ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில் தலைசிறந்து ஆடியவருக்குக் கான் ஸ்மைத் பெயரால் விருது வழங்கப்படுகிறது. அதை முதலில் பெற்றவர் மாண்ட்ரியலின் ழான் பெலிவோ. செல்கி தேடிக் கொணர்ந்த வீரர். அணிகளைக் கட்டிய மேலாளரின் பெயர் ஆட்டக்காரர்களின் கையில்தான் ஆண்டுதோறும் உயர்த்தப்படுகிறது.